றோசம்மா மாமி நீட்டிய கை

போன ஞாயிறு முந்தல் வேதக்கோவிலில் பூசை நடக்கும்போது, எனக்கு முன்னால் இருந்தவர் லேஞ்சியை எடுத்து முகம் துடைத்தார். ஓடிக்கொலோன் வாசம் வந்தது. நான் எழும்பி இரண்டு வரிசை பின்னால் போய் இருந்தேன். சின்ன வயதில் எங்கள் கடற்கரையில் அந்த வாசம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. வள்ளங்களுக்கெல்லாம் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம்.

ஒரு வருஷம் தவக்காலத்தில், கடல் சரியில்லை என்று சொல்லியும் கேளாமல் அவர் அனுப்பிய வள்ளம் கவிழ்ந்து, பக்கத்து வீட்டு றோசம்மா மாமியின் புருஷன் செத்துப்போனார். செத்த வீட்டுக்குச் சம்மாட்டியார் வரவில்லை. உயிர்த்த ஞாயிறு பூசைக்கு மட்டும் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து முன்வரிசை வாங்கில் முழந்தாளிட்டார். கோவிலிலேயே உரத்த அல்லேலூயா அவருடையதுதான்.

சமாதானம் சொல்லும் நேரம் மாமி கறுப்புச் சீலையோடு எழும்பிப் போய், "சமாதானம், சம்மாட்டியார்" என்று கையை நீட்டினா. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பீடத்தின் பக்கம் திரும்பிவிட்டார். என் அப்பாதான் போய் அந்தக் கையைப் பிடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: "ஆண்டவர் உயிர்த்திட்டாராம். இவனுக்கு அவர் இன்னும் கல்லறைக்குள்ளதான்."

"அப்ப நாளைக்குத் தொழில்?" என்று அம்மா கேட்டா.

"அவன்ர வள்ளத்தில இனி ஏறமாட்டன்."

ஏறவுமில்லை. புத்தளம் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார்.

சம்மாட்டியார் சாகும்வரை ஒரு ஞாயிறும் பூசையைத் தவறவிடவில்லை. அத்தனை வருஷமும் முழந்தாளில் நின்று ஆண்டவரிடம் என்ன கேட்டாரோ தெரியாது. றோசம்மா மாமியிடம், எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.