அப்பாவின் துப்பாக்கியோடு ஆமத்தூர் வரை

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்துபோனால் அதை எப்படிக் கொண்டுபோய் ஒப்படைப்பது என்று இணையத்தில் தேடினேன். சட்டப் பிரிவுகள் கிடைத்தன. போய் வந்தவர்கள் எழுதியது ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நாங்கள் செய்த மாதிரி செய்யாதீர்கள் என்பதற்காகவும்தான்.

அப்பா போன ஆவணியில் தவறினார். காரியாபட்டிப் பக்கம் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தார். காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் வாங்கி ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அடக்கம் முடிந்ததும், ஆளில்லாத வீட்டில் அது கிடக்க வேண்டாமென்று என் அண்ணன் சாம் சிவகாசிக்குத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். அவர் அங்கே காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் நடத்துகிறார். மூன்று வாரம் கழித்துத்தான், காரியாபட்டி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நான் மதுரையில் நர்ஸ். ஒரு நாள் லீவு போட்டு முந்தின மாலையே சிவகாசிக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை 7.40க்குக் கிளம்பினோம். பெட்ரோல் 500 ரூபாய்க்கு. விருதுநகர், மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டிக்கு அறுபது கிலோமீட்டருக்குள்தான். சின்னக் காரின் டிக்கியில் துப்பாக்கி அடங்கவில்லை. பெட்ஷீட்டில் சுற்றி, முன் சீட்டுகளுக்குப் பின்னால் தரையில் குறுக்காகப் படுக்க வைத்தோம். குழல் முனை இடது கதவைப் பார்த்தபடி.

“தோட்டா இருக்கா, பாத்தீகளா?” என்று கேட்டேன்.

“அது தனியா டப்பால இருக்கு. நாந்தான எடுத்து வச்சேன்” என்றார் அண்ணன். டப்பாவை நானும் பார்த்தேன். நம்பிவிட்டேன்.

8.15க்கு ஆமத்தூருக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. தீபாவளி சீசன் என்பதால் பில் இல்லாத பட்டாசு போகிறதா என்று போலீஸ் சோதனை. எங்களுக்கு முன்னால் பட்டாசு லோடு ஏற்றிய மினி லாரி. ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று இடப்பக்க மண்ணில் இறங்கி எங்களை ஒட்டி நின்றது. ஜன்னலோரம் இருந்த பெண் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

“அக்கா, அங்கன என்ன நடக்கு? இன்னும் எம்புட்டு நேரமாகும்?” என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

சும்மா நிற்கும் நேரத்தில், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டிக்குப் போன் போட்டேன். உரிமப் புத்தகம் தோட்ட வீட்டில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன்.

“கொண்டாறேம்மா. உள்ள கெடந்த ரெண்டையும் அண்ணாச்சி எடுத்துட்டாகளா?”

“எந்த ரெண்டு?”

“ஐயா ஆசுபத்திரிக்குப் போனாகல்ல, அன்னைக்கு சாயங்காலம் போட்டு வச்சாக. பன்னி வந்தா ஒடனே எடுக்கணும்னு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பெட்ஷீட்டின் முனை, அதற்கப்பால் ஒரு தகரக் கதவு, அதற்கப்பால் அந்த வேன். குழலுக்குள் இரண்டு தோட்டா இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.

“பேசாம இரு” என்றார். “மெதுவா ஓட்டிருவேன். காரியாபட்டில அவக எடுத்துக்கிடட்டும்.”

“இன்னும் நாப்பது கிலோமீட்டர் இருக்குண்ணே.”

“இங்கன சொன்னா கேசாயிரும். சீசன் நேரத்துல நான் உள்ள போனா பிரஸ்ஸ யாரு பாப்பா? விடு, நானே எடுத்துருதேன்.” பின்னால் கையை நீட்டினார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“அத எப்படித் தெறக்கணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

கையை இழுத்துக்கொண்டார். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். வேன் ஒட்டி நின்றதால் கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது; ஒருக்களித்து இறங்கினேன். “மெர்சி, வேண்டாம்” என்றார் அண்ணன். சோதனை நடந்த இடம் நூற்றைம்பது அடிதான் இருக்கும். வண்டிகளுக்கு நடுவே நடந்தேன்.

அங்கே நின்ற ஏட்டம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் கார், இறந்துபோன அப்பாவின் துப்பாக்கி, உள்ளே தோட்டா என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“இப்ப யாரும் அதத் தொடலைல்ல?”

முதலில் வேனை அனுப்பினார். பிறகு மினி லாரியை. பின்னால் நின்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, அண்ணனை இறங்கித் தூரப் போகச் சொன்னார். வலது கதவைத் திறந்து, கட்டைப் பக்கமாகப் பிடித்து வெளியே எடுத்தார். ஆளில்லாத கரிசல் காட்டைப் பார்த்துக் குழலைத் தரைக்குச் சாய்த்து, நடுவில் மடக்கினார். சிவப்பாக இரண்டு தோட்டாக்கள்.

ஆமத்தூர் ஸ்டேஷனில் எழுதி வாங்கி முடிக்க மாலை 3.40 ஆயிற்று. முனியாண்டி பஸ் பிடித்து உரிமப் புத்தகத்தோடு அங்கேயே வந்து சேர்ந்தார். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். அண்ணன் பிறகும் இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. நாங்களாகவே வந்து சொன்னதால் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று நினைக்காதீர்கள்.

அங்கே சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உரிமம் இறந்தவரோடு போய்விடுகிறது. அதன்பின் துப்பாக்கி வாரிசின் கையில் இருப்பதே குற்றமாகலாம். தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். உரிமம் கொடுத்த ஊருக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. போன் செய்தால் வந்தே எடுத்துக்கொள்வார்களாம். உரிமம் உள்ளவரே ஆனாலும் வண்டியில் ஏற்றும்முன் தோட்டாவை நீக்கி, உறையில் போட்டு, உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். டப்பாவில் தோட்டா இருப்பதால் குழலில் இல்லை என்று ஆகாது. திறக்கத் தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

திரும்பும்போது அண்ணன் என்னோடு பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். சிவகாசி எல்லையில் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அடக்கம் முடிஞ்சு அதக் கொண்டாந்தேன்ல” என்றார். “அன்னைக்குப் பிள்ளைக ரெண்டும் பின் சீட்டுலதான் இருந்தாக. கால அது மேல வச்சிக்கிட்டு.”