அம்மிக்கு வயது ஏற்றிய விதம்

சுங்க வரி என்பது புதுப் பொருளுக்கு மட்டும் பிடிக்கிற வியாதி என்று நான் நம்பியிருந்தேன். பொருள் பழசாகத் தெரிந்தால் போதும், உலகத்தின் எந்த விமான நிலையத்திலும் "போங்க, போங்க" என்று விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு. இதை யாரும் விளையாட்டுக்குச் சொல்லி நான் ஏமாறவில்லை. மீனம்பாக்கத்தில் கண்ணால் பார்த்தது. எண்பதுகளில் துபாயிலிருந்து வந்த என் சித்தப்பா மகனை அழைத்துவரப் போயிருந்தோம். அட்டைப் பெட்டியும் தெர்மகோலுமாக அவன் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைப் பிரித்துவைத்துக்கொண்டு, வரி கட்டு என்று உள்ளேயே நிறுத்திவிட்டார்கள். அவனுக்குப் பின்னால் வந்தவர் அதே மாதிரி ஒன்றை, கீறலும் அழுக்குமாக, கைப்பிடி உடைந்து கயிறு கட்டியபடி தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நேராக வெளியே வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் படித்த சுங்கச் சட்டம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு தொண்ணூறுகளில் ஓர் அம்மிக்கல்லை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனேன்.

என் தங்கை மெல்போர்னுக்குப் படிக்கப் போனவள். அங்கேயே வேலை கிடைத்து, அங்கேயே இருந்த ஒரு தமிழ்ப் பையனைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்தாள். இருவருடைய விசா காகிதங்களும் ஏதோ ஒரு மேசையில் மாட்டியிருந்தன. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்பது சந்தேகம். எனவே கல்யாணம் அங்கேயே என்றாகிவிட்டது. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு, விமானம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு டிக்கெட்டுக்கு வசதியும் இல்லை. வீட்டின் சார்பில் நான் ஒருவன்தான்.

அம்மா அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மி மிதிக்கறப்போ அவ நம்ம ஊர்க் கல்லு மேலதான் கால் வைக்கணும். என்னாலதான் போக முடியல. கல்லாவது போகட்டும்டா."

இரும்புலியூரில் எங்கள் வீட்டு அம்மி சமையலறை மூலையில் சிமெண்ட் போட்டுப் பதித்தது. அதைப் பெயர்ப்பதென்றால் வீட்டையும் சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். அதனால் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக அம்மியும் ஆட்டுக்கல்லும் பரப்பி வைத்திருந்தவரிடம் போய், இருப்பதிலேயே சின்னதாக ஒன்று கேட்டேன். எங்கே போகிறது என்றும் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னா சார், அந்த ஊர்ல கல்லே கெடையாதா?" என்றார்.

"இருக்கு. இந்த மாதிரி இல்ல."

"ஏரோப்ளேன் தூக்குமா? பாத்து சார். வெயிட்டு தாங்கலன்னு நடுவுல உன்னிய எறக்கி வுட்டுறப் போறான்."

அவர் பயமுறுத்தியது விளையாட்டு. நிஜமாகவே பயமுறுத்தியவர் என் ஆபீஸ் நண்பர். ஒரே ஒரு தடவை சிங்கப்பூர் போய்வந்ததால் எங்கள் செக்‌ஷனில் வெளிநாட்டு விவகாரம் முழுக்க அவர் பொறுப்பு.

"மச்சான், அம்மின்னு நீ சொல்ற. அவன் பாஷைல அது கிரானைட்டு. எக்ஸ்போர்ட் சரக்கு. கண்டெய்னர்ல போறத நீ பொட்டில எடுத்துட்டுப் போற. புதுசுன்னு தெரிஞ்சுது, வரியத் தீட்டிடுவான்."

கிரானைட் என்ற அந்த ஒரு சொல் என்னைப் படுத்திவிட்டது. அதற்குப் பிறகு அது என் கண்ணுக்கு அம்மியாகவே தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் கடத்தல் சரக்கு இருப்பது போல அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மீனம்பாக்கத்துக் கயிறு கட்டிய டேப் ரெக்கார்டர் ஞாபகத்துக்கு வந்தது. கல்லுக்கு வயதைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது.

முதலில் மனைவியிடம் கொடுத்து, கண்டதையும் அரைக்கச் சொன்னேன்.

"ஏங்க, மிக்ஸி சும்மா கெடக்குது. நான் எதுக்குக் குந்தி அரைக்கணும்?"

"ஆஸ்திரேலியாவுல வரி கேட்டா உங்கப்பாவா கட்டுவாரு?"

அப்பாவைப் பேச்சில் இழுத்ததற்குப் பழிவாங்குவது போல அவள் அரைத்துத் தள்ளினாள். மிளகாய், தேங்காய், மஞ்சள், பருப்புத் துவையல். "மீன் மசாலா மட்டும் வேணாம்மா, கல்யாணக் கல்லு" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கொத்திய பள்ளங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏறிவிட்டன. ஆனாலும் ஓரங்கள் பளிச்சென்று, நேற்றுப் பிறந்த கல்லாகவே இருந்தன. எனவே அடிபம்புக்குப் பக்கத்தில், எப்போதும் சேறாக இருக்கிற இடத்தில் குழி தோண்டி அதைப் புதைத்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் அதன் மேல் நடமாடின. நான் தினமும் போய் எட்டிப் பார்ப்பதைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர், "தண்ணி ஊத்துங்க சார், மொளைக்கும்" என்றார்.

கிளம்புகிற அன்று தோண்டி எடுத்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. கல்லுக்கு முப்பது வயது கூடியிருந்தது. கழுவினால் வயது போய்விடும் என்று பழைய துணியால் லேசாகத் துடைத்ததோடு சரி.

அம்மா பார்த்தாள். "என்னடா இது, கல்யாணத்துக்குப் போற கல்லு மாதிரியா இருக்கு?"

"அங்க போய்க் குளிப்பாட்டிக்கலாம்மா."

அம்மா முந்தானையால் ஓர் ஓரத்தைத் துடைத்து, அங்கே மட்டும் குங்குமம் வைத்தாள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் அம்மி தை மாதத்தில், என் பட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு பறந்தது. எடைக்காக என் துணிமணிகளில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆபீசில் லீவு கொடுத்த லட்சணத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் போய் இறங்க முடிந்தது.

மெல்போர்ன் விமான நிலையத்தில் என் பெட்டியை ஓர் இயந்திரத்துக்குள் விட்டார்கள். விட்டதும் ஓர் அம்மையார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுங்கத்தைத் தவிர, வெளியிலிருந்து நோயும் பூச்சியும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள அந்த நாட்டில் தனியாக ஆட்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாது. யூனிஃபார்ம் போட்டவர் எல்லோரும் எனக்குச் சுங்கம்தான். வேட்டியைப் பிரித்தார். என்ன இது என்று கேட்டார். நான் விமானத்தில் முழுக்க மனப்பாடம் செய்த இங்கிலீஷை எடுத்துவிட்டேன்.

"பழைய கல், மேடம். ரொம்பப் பழசு. என் அம்மாவுக்கும் முந்தினது."

"எதற்குப் பயன்படுத்துவீர்கள்?"

"சமையலுக்கு. தினமும் அரைப்போம்." ஆதாரமாக, பள்ளத்தில் ஒட்டியிருந்த மிளகாயை விரலால் சுட்டிக்காட்டினேன்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குள் வைத்திருப்பீர்களா?"

"இல்லை. வெளியில், மண்ணில்தான். மழை வெயில் எல்லாம் பார்த்த கல்."

"மண்ணிலா?"

"முழுக்க மண்ணில்."

"பக்கத்தில் பிராணிகள் ஏதாவது?"

"கோழி வரும். ஆடு வரும். எருமைகூட வரும்" என்றேன். எங்கள் தெருவில் எருமை கிடையாது. கல்லுக்கு இன்னும் கொஞ்சம் வயது கூட்டுவதற்காக அந்த நிமிடத்தில் நான் ஓட்டிவந்த எருமை அது.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் கல்லைப் புரட்டிப் போட்டுச் சுரண்டினார்கள். வெள்ளைத் தட்டில் இரும்புலியூர்ச் சேறு விழுந்தது. தேங்காய்த் துருவல் விழுந்தது. கடைசியாக ஒரு சின்னக் கோழி இறகும் விழுந்தது. அம்மையார் பொறுமையாக விளக்கினார். மண்ணோ, சாப்பாட்டு மிச்சமோ, பிராணிகளின் தடயமோ உள்ள பொருளை அப்படியே உள்ளே விட முடியாது. சுத்திகரித்துத்தான் தருவார்கள். முன்னால் நிறைய சாமான்கள் காத்திருக்கின்றன. அடுத்த வாரம் ஆகும்.

"வரி எவ்வளவு?" என்றேன்.

"வரியா? இந்தக் கல்லுக்கு வரி எதுவும் கிடையாது. புதிதாக வாங்கிச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தால் நீங்கள் இந்நேரம் வெளியே போயிருக்கலாம்."

உடனே சொன்னேன்: "மேடம், இது புதுசு."

அவர் என்னைப் பார்த்தார்.

"போன மாதம்தான் வாங்கினேன்."

"உங்கள் அம்மாவுக்கும் முந்தினது என்றீர்களே?"

"அது பொய்."

"எருமை?"

"அதுவும் பொய், மேடம்."

"கோழி?"

"கோழி உண்மை."

அவர் சிரித்திருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். சிரிக்கவில்லை. நாளைக் காலையில் என் தங்கை இந்தக் கல் மேல் காலை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் அம்மாவுக்கு அது கல்யாணமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சமையல் செய்கிற கல் மேல் காலையா வைப்பீர்கள் என்று கேட்டார். அதற்குப் பதில் என் இங்கிலீஷில் இல்லை. யோசித்தால் தமிழிலும் இல்லை. ஊரில் என்றால் யாராவது ஒருவருடைய மச்சானைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்திருப்பேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மையார்தான். அவர் வருத்தமாகத்தான் இருந்தார். வருத்தமாக இருந்துகொண்டே கல்லைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார். அம்மாவின் குங்குமம் பைக்கு உள்ளே தெரிந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான். என் கண் முன்னாலேயே தள்ளுவண்டியில் ஏறி, எதிர்ப்பக்கமாக நகர்ந்து போனது.

வெளியே தங்கை நின்றிருந்தாள். "கல்லு எங்கண்ணா?"

"உள்ள இருக்கு. அடுத்த வாரம் தருவாங்களாம்."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எருமை வரைக்கும் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் என் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "அம்மா அது ஒண்ணுதாண்ணா கேட்டாங்க" என்றாள்.

மறுநாள் காலை வாடகை மண்டபத்தில் கல்யாணம். நடத்திவைத்த புரோகிதர் மற்ற நாட்களில் வங்கியில் வேலை பார்ப்பவர். "கல்லுன்னு ஒண்ணு இருந்தா சரி சார், மந்திரம் ஊர் பேரெல்லாம் கேக்கறதில்ல" என்றார். மண்டபத்துச் சமையலறைக் கதவு மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து, தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி நானே கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை அவள் பாதத்தைப் பிடித்து அதன் மேல் வைத்து மெட்டி போட்டார்.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டோம். தாம்பரம் ஐ.எஸ்.டி. பூத்தில் அம்மா காத்திருந்தாள். நான் என்னென்னவோ ஜோடித்து வைத்திருந்தேன். எடுத்த எடுப்பில் அம்மா, "கல்லு எடுப்பா இருந்துச்சாடா?" என்று கேட்டதும் போனைத் தங்கையிடம் நீட்டிவிட்டேன்.

"கல்லு வரலம்மா. செங்கல்லு மேலதான் கால் வெச்சேன்."

அம்மா, "நல்லாக் கழுவினீங்களா?" என்று கேட்டாள்.

அம்மி அடுத்த வாரம் வந்தது. அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். தங்கைதான் போய் வாங்கிக்கொண்டாள். சேறு, மிளகாய், குங்குமம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெருங்களத்தூரில் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடப் புதிதாக்கிக் கொடுத்திருந்தார்கள். வரி எதுவும் கேட்கவில்லை.