ஞானரட்ணம் காம்பிங்காரில் பால் காய்ச்சிய கதை

பிறந்த முப்பத்தொராம் நாள் துடக்கு கழிந்த கையோடு என் பேரனை நாங்கள் முதலில் தூக்கிக்கொண்டு போன இடம் கோவில் இல்லை. பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு சாமான் கிடங்கின் பின்வளவு. அங்கேதான் என் மனைவி கோசலையின் தம்பி ஞானரட்ணம் ஒரு பழைய காம்பிங்காருக்குள், கட்டிலும் அடுப்பும் வைத்த சுற்றுலா வண்டிக்குள், குடியிருந்தான். பேரன் வந்த சந்தோசத்தில் அந்த மாதம் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் போனில் படம் காட்டித் திரிந்தேன். ஆனால் இதை நான் எழுதுவது ஞானத்துக்காக.

ஞானம் பிரான்சுக்கு வந்த நாள் முதல் மற்றவர்களின் அறையில் படுத்தவன். லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. வேலை முடிந்தால் ஐந்தாறு பேர் கிடக்கிற அறையில் ஒரு மூலை. கலியாணம் பேசி வந்தவர்கள் "மாப்பிள்ளைக்கு வீடு இருக்கோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு ஒருவரும் பேசி வரவில்லை. கூசேன்விலில் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடிப்பான். "இண்டைக்கு நிண்டுட்டுப் போவன்ரா" என்று கோசலை சொன்னால், "நாளைக்கு வேலை அக்கா" என்பான். வேலை இல்லாத நாளிலும் அதையே சொல்வான்.

காம்பிங்காரை வாங்கியபோதுதான் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கிடங்கு முதலாளி, பத்ரோன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அதைத் தன் வளவில் நிறுத்த விட்டார். பதிலுக்கு ஞானம் வேலைக்குப் போகுமுன் கேற்றைத் திறந்துவிட வேண்டும், ஞாயிறுகளில் வளவைப் பார்க்க வேண்டும். அவன் அங்கேயே படுக்கிறானா என்று அவர் கேட்கவுமில்லை, இவன் சொல்லவுமில்லை.

சிக்கல் கரண்டில் இருந்தது. கோடையில் கடற்கரைக்குப் போய் ஒரு லைற்றும் சின்னக் குளிர்ப்பெட்டியும் போடுகிற ஆட்களுக்குச் செய்த வண்டி அது. கிடங்குச் சுவரில் இருந்த பிளக்கில் ஒரு மெல்லிய வயரைக் கொழுவி இழுத்திருந்தான். ஹீட்டரைப் போட்டால் சோறு அவிக்க முடியாது. சோறு அவித்தால் குளிரில் இருக்க வேண்டும். இரண்டையும் போட்டால் டக்கென்று எல்லாம் நிற்கும். வெளியே ஓடிப்போய்க் கிடங்குச் சுவிட்சைத் தூக்க வேண்டும். சில வேளை அந்த வயரில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு.

"சோறோ சூடோ எண்டு கேக்கிற இடம் வீடில்லை அத்தான்" என்றான் ஒருநாள்.

என் மகள் யசோதினிக்குப் பிள்ளை பிறந்த அன்று ஆசுபத்திரி விறாந்தையில் என் கையைப் பிடித்தான். "முப்பத்தொண்டு முடிய, பிள்ளையை முதல் என்ரை வீட்டை கொண்டாங்கோ. ஒருநாளெண்டாலும் ஆக்கள் என்ரை வீட்டை வந்து சாப்பிடோணும்."

வயரிங் வேலை செய்கிற உதயனைக் கூட்டிப் போனோம். அவன் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினான்.

"அண்ணை, வண்டிக்குள்ளை மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை. கரண்ட் வாற இடத்திலையும் மாத்தோணும். கிடங்கு மெயினிலையிருந்து தனி லைன், முப்பத்திரண்டு அம்பியர். பத்ரோனைக் கேளுங்கோ."

"கேக்கப் பயமாக் கிடக்கு."

"கேக்காமல் இழுத்தால் வண்டி எரியும். நீங்களும் சேந்து."

ஞானம் கேட்டான். வண்டிக்குள் பெரிய குளிர்ப்பெட்டி வைக்கப்போகிறான் என்று பத்ரோன் நினைத்தாரோ என்னவோ, தலையாட்டினார். உதயன் சுவரோரமாகக் குழாய் பதித்து, அதற்குள் தடித்த கேபிள் இழுத்து, பெரிய நீலப் பிளக் பூட்டினான். வண்டிக்குள் பழைய வயரெல்லாம் உருவி எறிந்துவிட்டு, ஹீட்டருக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, சுடுதண்ணிக்கு ஒன்று என்று தனித்தனி பிரேக்கர் போட்டான்.

அடுத்த நாளே ஞானம் ஐயரிடம் நல்ல நாள் கேட்கப் போய்விட்டான், பால் காய்ச்ச.

கோசலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "டேய், சில்லு பூட்டின வீட்டுக்கு ஆரடா பால் காய்ச்சிறது?"

"நான் காய்ச்சுவன்."

"வாசலே ரெண்டடி. தோரணத்தை எங்கை கட்டப்போறாய்?"

"நீ குனிஞ்சு வா, அது காணும்."

"வாஸ்துப் பிரச்சினை இல்லையக்கா" என்றான் உதயன். "பிழைச்சுதெண்டால் ஸ்ராட் பண்ணித் திருப்பி விடலாம்."

ஞானம் எல்லாருக்கும் சொன்னான். பத்ரோனுக்கும் சொன்னான். நிற்க நிலம் தந்த மனிசனைக் கூப்பிடாமல் எங்களில் யார் பால் காய்ச்சுவார்? ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. வெளியே தூறல். வாசலில் மாவிலை, படிக்குப் பக்கத்தில் நிறைகுடம், அதைச் சுற்றி வந்தவர்களின் சப்பாத்துகள். ஹீட்டர் எரிந்தது, சோறு அவிந்தது, சுடுதண்ணி கொதித்தது, அடுப்பில் பாலும் ஏறியது. உதயன் பிரேக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் விழவில்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சனம் கை தட்டியது. ஞானம் என் பேரனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பாரடா தம்பி, தாத்தாவின்ரை வீடு" என்றான்.

அப்போதுதான் பத்ரோன் ஒரு வைன் போத்தலோடு வந்தார். சப்பாத்துகளைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார். கட்டிலையும் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படங்களையும் பார்த்தார். இது என்ன விழா என்று பிரெஞ்சில் கேட்டார்.

யசோதினி கெட்டிக்காரி. வண்டிக்குப் பூசை, நாங்கள் எல்லா வாகனத்துக்கும் செய்வோம் என்று உடனே சொன்னாள். அவர் முகம் இளகியது.

ஞானத்துக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். "இல்லை மேசியே" என்று பத்ரோனுக்கு முன்னால் வந்தான். நெஞ்சில் கை வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "மா மேசோன்." என் வீடு.

பத்ரோன் அவன் கையைக் குலுக்கினார். போத்தலைக் கொடுத்தார். பாயசம் குடிக்காமல் போனார்.

திங்கட்கிழமை பத்ரோனிடமிருந்து போன் வந்தது. யசோதினிதான் கதைத்தாள். வைத்துவிட்டு ஞானத்திடம் திரும்பினாள்.

"தெரியாமல் இருக்குமட்டும் பரவாயில்லையாம் மாமா. இப்ப அவருக்குத் தெரியுமாம். நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் காப்புறுதிக்காரருக்கு அவர்தான் பதில் சொல்லோணுமாம். வண்டி நிக்கலாமாம். ஆள் இருக்கேலாதாம்."

ஞானம் எழும்பிச் சப்பாத்தைப் போட்டான்.

"ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் சமாளிச்சிட்டன்தானே."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ரை வீட்டை வண்டியெண்டு சொல்லோணுமோ பிள்ளை?"

எங்களோடு வந்து இரு என்று கெஞ்சிப் பார்த்தோம். "நாளைக்கு வேலை" என்றான். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் பழையபடி ஒரு அறை. ஆறு பேர், இவனுக்கு மேல்கட்டில். வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். வாங்கியவர்கள் கொண்டு போகிறபோது பார்க்கவும் போகவில்லை.

தைப்பொங்கல் முடிந்து ஒருநாள் பேரனைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். மேலே வா என்று அவன் சொல்லவில்லை. அறையில் ஆட்கள் படுத்திருந்தார்களாம். கீழே இறங்கி வந்து, ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று பேரனை வாங்கினான். பேரன் அவன் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். ஞானமும் சிரிக்கப் பார்த்தான். காற்று அடித்தது. ஜாக்கெட்டைத் திறந்து பிள்ளையை உள்ளே பொத்தினான். பிறகு என் கையில் தந்தான்.

"கொண்டு போங்கோ அத்தான். பிள்ளைக்குக் குளிரும்."