சீனச் சுவரில் என் மகளின் படம்

என் மனைவியின் தம்பி சீனாவில் இருக்கிற பெருஞ்சுவரின் மேல் நின்று அனுப்பிய படத்தை முதலில் பார்த்தது நானில்லை, என் மகள். புதுக்கடை சந்திப்பில் அவள் நடத்துகிற ஜெராக்ஸ் கடையில், யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அது குடும்பக் குழுவில் வந்திருக்கிறது. நான் வாழைக்கு மண் அணைத்துவிட்டு அவளுக்கு மத்தியானச் சோறு கொண்டு போனேன். போனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மைத்துனன் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். அங்கெல்லாம் தர்மத்துக்காக நடக்கிற ஒரு வழக்கம் உண்டாம். ஒரு கம்பெனிக்காரன் ஆட்களைத் திரட்டி எங்காவது பழைய கோட்டைக்கோ சுவருக்கோ கூட்டிப் போவான். சில நாள் அதன் மேல் நடப்பார்கள், சில நாள் அதன் ஓரமாகச் சைக்கிள் மிதிப்பார்கள். போகிறவன் தெரிந்தவர்களிடமெல்லாம், இன்ன காரியத்துக்காக நடக்கிறேன், உதவுங்கள் என்று பணம் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்று மைத்துனன் சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன். "கொள்ளாம் மக்கா, போயிட்டு வா" என்று என் வாயால்தான் சொன்னேன்.

படத்தில் அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் மலை மலையாகச் சுவர் வளைந்து போகிறது. அவன் போட்டிருந்த வெள்ளைப் பனியனில், நெஞ்சு நிறைய, என் மகள்.

அவளுக்குப் பிறவியிலேயே ஒரு கால் சூம்பல். ஊன்றுகோல் பிடித்து நடப்பாள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தினமும் கடைக்குப் போய் வருவாள். பனியனில் இருந்தது கடை திறந்த அன்று எடுத்த படம். மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டி, கோலை ஒரு கையில் ஊன்றி, மறு கையை நீட்டிக் குனிந்து குத்துவிளக்கு ஏற்றுகிறாள். தலைக்கு மேல் அவள் கடைப் பலகை. அந்தப் படத்தை நான் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

பனியனில் விளக்கு இல்லை. பலகையும் இல்லை. குனிந்த தலை, சூம்பின கால், கோல், முன்னால் நீட்டின கை. அவ்வளவுதான். அடியில் கம்பெனிக்காரன் பேர். விளக்கை வெட்டி எடுத்ததும் என் பிள்ளை கைநீட்டிப் பிச்சை கேட்பவளாகிவிட்டாள்.

அப்போதே அவனைக் கூப்பிட்டேன்.

"என்னடே செஞ்சு வச்சிருக்க?"

"படம் வந்துதா அத்தான்? பின்னால தெரியியது காவல் கோபுரமாக்கும். ஒவ்வொரு படியும் முட்டளவு. ஏறி எறங்கி காலு ரெண்டும் போச்சு."

"கோபுரத்த நான் கேக்கல. உனக்க நெஞ்சில கெடக்கியது யாரு?"

"நம்ம பிள்ளைதான். அவளுக்கு வேண்டியல்லா நடக்கேன்."

"அவ உன்னட்ட நடக்கச் சொன்னாளா?" அவன் பதில் சொல்லுமுன் மறுபடி கேட்டேன். "அவ ஏத்தின வெளக்கு எங்கடே?"

"அது டிசைன் பண்ணினவன் வெட்டினான் அத்தான். பனியன்ல எடம் பத்தாது."

"கம்பெனிக்காரனுக்க பேர எழுத மட்டும் எடம் பத்திச்சோ?"

அதற்கு அவன் சிரித்தான். பிறகு சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியாதது. "அத்தான், நீங்க வருசா வருசம் சிவாலயம் ஓடியது பிள்ளைக்கு வேண்டித்தானே? நான் நடக்கியதும் அதுதான். கூட நடக்கியவங்க எல்லாருக்கிட்டயும் உங்களப் பத்திச் சொன்னேன், வாயப் பொளந்துட்டானுவ."

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் மாவட்டத்தில் சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறையில் தொடங்கி, மறுநாள் திருநட்டாலத்தில் முடியும்வரை பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடிப்போய்க் கும்பிடுவோம். முன்கூட்டியே விரதம் இருந்து, காவி கட்டி, வெறுங்காலோடு, கையில் சாமிக்கு வீச ஒரு பனையோலை விசிறியோடு ஓட வேண்டும். ஒவ்வொரு கோயில் குளத்திலும் முங்கி, ஈரத்தோடு உள்ளே போக வேண்டும். ஓடுவது சிவன் கோயிலுக்கானாலும் வழி நெடுக "கோவிந்தா, கோபாலா" என்ற விளிதான். மகள் பிறந்து, டாக்டர் கையை விரித்த பிறகு ஓடத் தொடங்கினேன். முதலில் கால் கேட்டு ஓடினேன். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு, விழாமல் நடக்கட்டும் என்று கேட்டு ஓடினேன். கடை திறந்தபின் எதுவும் கேட்பதில்லை, ஓடுகிறேன். யாருக்காக ஓடுகிறாய் என்று கூட ஓடுகிறவன் கேட்கமாட்டான். நானும் அவனைக் கேட்டதில்லை. அவனவன் பாரம் அவனவனுக்கும் ஈசனுக்கும் நடுவில் கிடக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அதற்கும் இவன் பனியனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் அந்தப் படம் ஊருக்குள் வந்துவிட்டது. நெட்டில் வெளிநாட்டு ஆட்கள் பார்க்கிற, கம்பெனிக்காரனுடைய பக்கத்தில் இருந்ததை யாரோ எடுத்து இங்குள்ள குழுக்களில் போட்டிருந்தார்கள். இனயம் என்கிற கடற்கரை ஊரிலிருந்து ஆதார் நகல் எடுக்க வந்த ஓர் அம்மா, மிச்சச் சில்லறையை வாங்க மாட்டேன் என்று மேசையில் தள்ளி வைத்ததை நானே பார்த்தேன்.

"பாக்கி நீயே வச்சிக்கோ மோளே."

"நான் எடுத்தது ரெண்டு பேப்பரு. அதுக்குள்ளது எடுத்தாச்சு. மிச்சத்தக் கொண்டு போங்கோ."

"கோவப்படாத மக்கா. போன்ல பாத்தேன். பாவம்."

அந்தம்மா நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம். மகள் அந்தச் சில்லறையை எடுத்து, கோலை ஊன்றி, வாசல் தாண்டிப் போய் அவள் கைப்பையில் போட்டுவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்தாள். மாமனுக்கு எழுதினாள்: 'அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.' இரண்டு கை கூப்பிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. படம் அங்கேயே இருந்தது.

மார்கழியில் அவன் ஊருக்கு வந்தான். சைக்கிள் மிதித்த ஒருநாள் கீழே விழுந்து முட்டு வீங்கியிருந்தது. நொண்டி நொண்டித்தான் வந்தான். புதுக்கடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா ஏற்பாடு செய்திருந்தான். முதல் சக்கர நாற்காலியை என் மகளுக்குத்தான் கொடுப்பானாம். நான் மண்டபத்துப் படியை மிதிக்க மாட்டேன் என்றேன். மனைவி அழுதாள்.

"எனக்க தம்பிலா. நாலு பேரு முன்னால அவனுக்க முகத்துல கரியப் பூசாண்டாம்."

"நம்ம பிள்ளைக்க முகத்துல அவன் பூசினது என்னவாம்? சந்தனமா?"

மகள்தான் தீர்த்தாள். "நான் வாரேன் அம்மா. அப்பாவும் வரட்டு. எனக்கு அங்க ஒரு காரியம் உண்டு."

மண்டப வாசலில், ஆள் உயரத்துக்கு மேல், அதே படம் பிளக்ஸாகக் கட்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் என் பிள்ளையின் நீட்டின கைக்குக் கீழேதான் நுழைந்தார்கள். மேடையில் வரிசையாக நாற்காலிகள். முதலாவதற்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மைத்துனன் மைக்கைப் பிடித்துச் சுவரைப் பற்றிச் சொன்னான். காற்று எப்படி அடித்தது, தண்ணீர் தீர்ந்தபோது என்ன செய்தான், திரும்பிப் போகலாமா என்று தோன்றியபோது பனியனில் இருந்த முகத்தைப் பார்த்து எப்படி நடந்தான். கைதட்டினார்கள். பிறகு என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் கோலை ஊன்றிக்கொண்டு படியேறினாள். பிடிக்க வந்த இரண்டு பேரை விலக்கினாள்.

"இரி மக்கா," என்றான் அவன், நாற்காலியைக் காட்டி.

"எனக்கென்னத்துக்கு மாமா இது? நான் நடப்பேன்லா?"

"ஒரு போட்டோவுக்குத்தான். சும்மா இரி. எல்லாரும் பாக்கியாவ."

மைக் அவன் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"மாமாவுக்குத்தான முட்டு வீங்கியிருக்கு. நீங்க இருங்கோ, நான் தள்ளுகேன். நல்ல படமா வரும்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவன் முகம் வெளுத்தது. மகள் அவனைப் பார்த்தபடியே, "எனக்க படத்த எடுங்கோ மாமா. நான் கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள். மாலையைக் கழற்றி நாற்காலிக் கையில் தொங்கவிட்டுக் கீழே இறங்கினாள். எங்களுக்கு முன் வரிசையில் இருந்த ஒருவன், "காலு வழங்காட்டாலும் வாய்க்கொண்ணும் கொறையில்ல" என்றான். இன்னொருவன், "ஓசியில வந்தா அருமை தெரியாது" என்றான். அவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை.

அந்த நாற்காலிகளில் ஒன்று, பக்கவாதத்தில் வருஷக்கணக்காய்க் கட்டிலில் கிடந்த ஒரு வயசாளிக்குக் கிடைத்தது. இப்போது அவரைத் தெருவில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. அதற்கு என் பிள்ளையின் விளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டியதில்லை.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் அவள் அந்த பிளக்ஸைக் காட்டி, "அப்பா, அத அவுத்துட்டு வாங்கோ" என்று சொல்லி ஸ்கூட்டரில் போய் உட்கார்ந்தாள். வாழைக்குலை வெட்டுகிற கத்தி எப்போதும் என் வண்டியில் கிடக்கும். கயிறு நான்கையும் அறுத்தேன். யாரும் தடுக்கவில்லை. முகம் உள்பக்கம் வரும்படி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொழுவத்துக் கூரை ஒழுகுகிறது. மற்றவர்கள் பழைய பிளக்ஸைத்தான் மேலே போடுகிறார்கள். இதைப் போட மனம் வருமா? எரிக்கவும் முடியாது, உயிரோடு இருக்கிற பிள்ளையின் உருவம். பரணில் ஏற்றி வைத்தேன். அங்கே கிடக்கிறது.

மைத்துனன் முட்டுக்கு வர்ம வைத்திய ஆசானிடம் எண்ணெய் தேய்த்து உழிச்சல் பிடிப்பதற்காக லீவை நீட்டிக்கொண்டு இங்கேயே தங்கினான். சிவராத்திரி வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு விரதம் இருக்கக் கூடாது என்று தெரியும். இளநீர் குடிக்கும்போதும் பழம் தின்னும்போதும் அவன் பேச்சுத்தான் காதில் கேட்டது, 'நான் நடக்கியதும் அதுதான்'. அப்படியே காவி கட்டினேன். முஞ்சிறையில் கும்பிட்டு ஓடத் தொடங்கினேன்.

பொன்மனைக்கும் பன்னிப்பாகத்துக்கும் இடையில், வழியோரத்தில்தான் என் மனைவி பிறந்த வீடு. ஓடுகிறவர்களுக்கு அந்த வாசலில் மோரும் பானகமும் கொடுப்பது அவள் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கே ஒரு டம்ளர் மோர் குடிக்காமல் நான் தாண்டினதில்லை. ஓடுகிறவனுக்குக் கொடுக்கிற மோரை வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. கொடுப்பது ஆளுக்கல்ல, ஈசனுக்கு.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம். அவன் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றான். என்னைக் கண்டதும் டம்ளரை நீட்டினான்.

"அத்தான், ஒரு வாய் மோரு."

நின்றேன். மூச்சு வாங்கியது. தொண்டை வறண்டிருந்தது.

"படத்த எடுத்தியா?"

"அது கம்பெனிக்காரன் கையில இல்லியா அத்தான். அடுத்த கூட்டம் போவதுக்கு உள்ள விளம்பரமாக்கும். பைய மாத்திரலாம். இப்ப இத குடியுங்கோ."

கூட வந்தவர்கள் டம்ளர்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கை நீட்டியபடியே இருந்தது. விசிறியைத் தோளில் சாய்த்தேன். அடிவயிற்றிலிருந்து "கோவிந்தா" என்று விளித்தேன். பின்னால் இருந்தவர்கள் "கோபாலா" என்றார்கள். அவன் கையைத் தாண்டி ஓடினேன். "அத்தான், சாமிக்கு உள்ளதாக்கும், மொடக்காதீங்கோ" என்று அவன் கூப்பிட்டது கொஞ்ச தூரம் கேட்டது.

பன்னிப்பாகத்தில் குளத்தில் முங்கி எழுந்து, ஈரத்தோடு நடையில் நின்று விசிறி வீசினேன். கோபம் கரையவில்லை. கரைத்துத் தா என்று நான் கேட்கவுமில்லை.