மணி அடித்தால் உள்ளே ஓடுகிறவர்கள்

தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தும் வேலையிலேயே தலை நரைத்தவள் நான். கொல்லிமலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயந்த அளவுக்கு வேறெங்கும் பயந்ததில்லை.

மூன்று மாடிக் கட்டடம். வார்டுக்கு வார்டு ஸ்மோக் டிடெக்டர், மாடிக்கு மாடி அபாய மணியாக அலறும் ஹூட்டர், எல்லாவற்றையும் இயக்கும் பேனல் கீழே ரிசப்ஷனில். மணி அடித்ததும் நடக்க முடிந்த நோயாளிகள் முற்றத்துக்கு வர வேண்டும். டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. முற்றத்தில் காத்திருந்த உறவுக்காரர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் ஒத்திகை

இரண்டாம் மாடியில் நின்று, சுவரில் மணியை அடிக்கவைக்கும் சிவப்புப் பெட்டியை அழுத்தினேன். ஹூட்டர் அலறியது. நோயாளிகள் இறங்கத் தொடங்கினார்கள். பாதிப் படியில் எதிரே உறவுக்காரர்கள் பெருங்கூட்டமாக ஏறி வந்தார்கள். நடுவில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி மாட்டிக்கொண்டாள்.

"தள்ளாதீங்க! தள்ளாதீங்க!" என்று நர்ஸ் கத்தினாள். மணி சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. மணியை நிறுத்தப் பேனலுக்குப் போக வேண்டும், பேனலோ கீழே. தீயே இல்லாத கட்டடத்தில் ஒரு உயிர் போகப்போகிறதே என்று பயந்தேன்.

கீழே எங்கள் எலெக்ட்ரீஷியன் மணியை நிறுத்திய பிறகே கூட்டம் தளர்ந்தது. நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பயம் போனால் எனக்குக் கோபம் வரும். கூட்டத்தோடு ஏறி வந்த அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டேன். அதே மலையில் வளப்பூர் நாட்டு மிளகு விவசாயி அவர்.

"மணி அடிச்சா வெளியதானே போகணும்? உள்ள ஏன் ஓடி வந்தீங்க?"

"ஏனுங்க, எம்பொண்டாட்டி மேல இருக்கறா. நான் வெளிய நின்னு என்னங்க பண்றது?"

"நாளைக்கும் அடிப்போம். கீழயே நிப்பீங்களா?"

"நிக்கமாட்டனுங்க."

எங்கள் மேனேஜர், "கேட்டைப் பூட்டிடலாம்மா" என்றார். "பூட்டினா கேட்டுதான் சார் உடையும்" என்றேன். ஓடி வருகிறவர்களை எங்கள் ஆட்களாக்கிக்கொள்வதென்று முடிவானது. அவர்கள் படியில் ஏற வேண்டும், நோயாளியோடு ஸ்ட்ரெச்சர் போகும் சாய்வுப் பாதையில் இறங்க வேண்டும். அன்று மாலையே முற்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னோம்.

இரண்டாவது ஒத்திகை

மறுநாள் மறுபடி மணியை அடித்தேன். நெரிசலே இல்லை. படுத்த படுக்கையாக இருந்தவர்களைக்கூடப் போர்வையோடு தூக்கி வந்துவிட்டார்கள். மேனேஜர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

பிறகு மேலே பார்வையிடப் போனேன். ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் கால் ஒடிந்த பெரியவர் ஒருவர் படுத்திருந்தார்.

"ஐயா, உங்கள யாரும் தூக்கலையா?"

"அவங்கவங்க ஆளு வந்து தூக்கிட்டுப் போனாங்க சாமி. நமக்கும் யாராச்சும் வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கறன்."

பின்னால் வந்த நர்ஸ் முகம் வெளுத்துப்போனது. "இவரு ஆளுங்க வந்திருப்பாங்கன்னு நெனச்சுட்டேங்க" என்றாள். தூக்க ஆளில்லாதவர் ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கக்கூட இல்லை.

மணி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஸ்ட்ரெச்சர் வரவழைத்து, நானும் அவளுமாக அவரை முற்றம்வரை தள்ளிக்கொண்டு போனோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டிடெக்டருக்குப் புகை தெரியும், ஆளில்லாதவரைத் தெரியாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் யாரென்று கேட்டு, அவருக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அதைச் செய்யாத ஆஸ்பத்திரியில் எங்கள் வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை.