கடல் பக்கம் ஊதிய சங்கு

நடந்தது இது. நாள் மே பதினேழு, வெள்ளிக்கிழமை. நேரங்களை என் தொலைபேசியில் பதிவான அழைப்புகளோடு ஒத்துப்பார்த்த பிறகே எழுதுகிறேன். நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. அன்று காலை 8.05 வரை நானும் நம்பாதவள்தான்.

கேப் டவுனின் மேற்குக் கரையில், கெல்ப் முனையில், ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனியில் நின்றால் கீழே கடல். வலப்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பழைய கலங்கரை விளக்கம். இங்கே வீடு விற்கிறவர்கள் எல்லா விளம்பரத்திலும் அதன் படத்தைப் போடுவார்கள். கப்பல்களை எச்சரிக்க அதில் வைத்த சங்கைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். மூடுபனி இறங்கினால் முப்பது விநாடிக்கு ஒருமுறை, கன்றைத் தொலைத்த பசுபோல அது அடித்தொண்டையில் அலறும். பனி இரண்டு நாள் நின்றால் இரண்டு நாளும் தூக்கம் கிடையாது.

அதை எடுக்கச் சொல்லி வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவள் நான். என் கணவர் ப்ராம் மட்டும் போடவில்லை.

“உனக்கு அது சத்தம், இல்சே. எனக்குக் கைத்தடி.”

“அறுபத்தி மூணு வயசுல ஐஸ் தண்ணியில நீந்தாதேன்னா கேட்டாத்தானே? கைத்தடியாம்!”

இங்கே காலையில் நீந்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுக்கடலில் பனி மூடினால் பதற மாட்டார்கள். அப்படியே மிதந்து, சங்கு வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி, நேராக அதை நோக்கி நீந்துவார்கள். பதினோரு வருடமாக ப்ராம் அப்படித்தான் கரையேறினார். மார்ச் மாதம் சங்கைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வந்த ஆட்களுக்கு நானே காபி கொடுத்தேன்.

அன்று ப்ராமும் பக்கத்து வீட்டு மெர்வினும் 7.40க்குக் கடலில் இறங்கினார்கள். 8.05க்குப் பனி வந்தது. கலங்கரை விளக்கம் மறைந்தது. பிறகு கடல். பிறகு என் பால்கனிக் கம்பி. என்ன அமைதி என்று காபியை உறிஞ்சினேன்.

அப்போது சங்கு ஊதியது.

கோப்பை நழுவி உடைந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். வாசலில் லுங்கிலே என்ற எங்கள் குடியிருப்புக் காவலர் எழுந்து நின்றார்.

“என்னம்மா, இந்தக் குளிர்ல வெறுங்கால்ல?”

“சங்கு கேட்டுதா?”

“கேட்டுச்சே. அதை எடுத்தாச்சுன்னு அன்னிக்கு கேக் வெட்டினீங்களே?”

8.11. மணலில் மெர்வின் தவழ்ந்து ஏறினார். உதடெல்லாம் நீலம். தண்ணீர் புகாமலிருக்கக் காதுகளில் மெழுகு அடைத்திருந்தார்.

“ப்ராம் எங்கே?” அவர் காதருகே கத்தினேன்.

“இன்னும் வரலையா? திடீர்னு வேற பக்கம் திரும்பிட்டான். கூப்பிட்டேன், நிக்கவே இல்ல. நான் அலை தள்ளின பக்கமா வந்துட்டேன்.”

மெழுகைப் பிடுங்கினார். அவர் முகம் மாறியது.

மீண்டும் ஊதியது.

கலங்கரை விளக்கத்திலிருந்து அல்ல... கடலுக்குள்ளிருந்து.

எண்ணினேன். முப்பது விநாடி. மீண்டும்... இன்னும் தள்ளி.

“ப்ராம்! அது இல்ல! இங்கே வா!”

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அவர் குரல்தான். நிம்மதியான குரல்.

“கேக்குது... இதோ, கரைக்கு வந்துட்டேன்...”

அதுவும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

8.14க்கு மீட்புப் படகை அழைத்தேன். இந்தப் பனியில் அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். அந்தத் தண்ணீர் அவருக்கு அவ்வளவு நேரம் தராது.

லுங்கிலே என் காரை மணல்வரை ஓட்டி வந்தார். ஹார்னில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன்.

மேலே ஏதோ மாடியில் ஒரு குரல். “யாருய்யா அது? மனுஷன் தூங்க வேணாமா?”

அழுத்தினேன்.

சங்கு... ஹார்ன்.

சங்கு...

ஹார்ன்.

8.31. ஹார்ன் மட்டும்.

8.33க்கு இடுப்பளவுத் தண்ணீரில் ப்ராம் நின்றிருந்தார். முகம் எங்கள் பக்கம் இல்லை. கடலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ப்ராம் சொன்னார்.

“சுத்தி நிறைய பேர் நீந்திட்டிருந்தாங்க, இல்சே. எல்லாரும் கோட்டு, கவுனு போட்டபடியே. சங்கைப் பாத்துப் போனாங்க. ஒரு அம்மா மட்டும் என் தோளைத் தொட்டாங்க. ‘உங்களைக் கூப்பிட ஆள் இருக்கு, நீங்க திரும்புங்க’ன்னாங்க.”

ஜூனில் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். 1921 ஜூலை. மூடுபனியில் ஒரு பயணிகள் கப்பல் எங்கள் முனைக்கு அப்பால் மூழ்கியிருக்கிறது. கப்பலின் சங்கு கடைசிவரை ஊதியதாம். தண்ணீரில் விழுந்தவர்கள் அதையே கரை என்று நினைத்து அதை நோக்கி நீந்தினார்களாம். கலங்கரை விளக்கத்தில் சங்கு வைத்ததே அதற்குப் பிறகுதான்.

கடைசிப் பத்தியை நின்றபடி படித்தேன். கூக்குரல் ஒரு மணி நேரம் கரைவரை கேட்டிருக்கிறது. கெல்ப் முனை வீட்டுக்காரர்கள், சத்தம் பொறுக்காமல், சன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.