விடச் சொல்லாத மூச்சு

மாதத்தின் முதல் சனிக்கிழமை, திருப்புறத்திலுள்ள முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டடத்துக்கு எக்கோ மெஷின் வேனில் வரும். கூடவே டெக்னீஷியன் ரத்னபாயும் வருவாள். இதயத்தைத் திரையில் பார்த்து அளவெடுப்பது அவள் வேலை. வருகிறவர்கள் எல்லாம் கிழவர்கள்தான். ஆனாலும் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, வரிசை பிசகாமல் உட்கார்ந்திருப்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அது அவளுக்குப் பிடிக்கும். வேலை சீக்கிரம் முடியும்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து முகாம் ஒன்றில், பெருங்கடவிளையைச் சேர்ந்த ஹவில்தார் தங்கையன் இடப்பக்கம் சரிந்து படுத்தார்.

"மூச்ச விட்டுட்டு அப்பிடியே நிறுத்துங்க சாரே" என்றாள்.

படம் தெளிந்தது. இதயத்தின் நுனி அசையவே இல்லை. அங்கே ஒரு ரத்தக்கட்டி ஒட்டியிருந்தது. அதை அளப்பதிலேயே மூழ்கியவள், படுத்திருந்தவரை மறந்துபோனாள். திரும்பியபோது அவருடைய உதடு கறுத்திருந்தது.

"மூச்ச விடுங்க!" என்று கத்தினாள். கோபம் தன்மேல்தான், ஆனால் அவர்மேல் விழுந்தது. "முட்டினா விட வேண்டியதுதானே?"

அவர் இரைத்தபடி சொன்னார்: "நீ விடச் சொல்லல்லியே மக்கா. பட்டாளத்துல அப்பிடியாக்கும்."

அடுத்த முகாமின்போது அவர் உயிரோடு இல்லை. மூச்சை நிறுத்தியதற்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று முகாம் டாக்டர் அவளிடம் இரண்டு முறை சொன்னார். ரத்னபாய் தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு யாரை மூச்சு நிறுத்தச் சொன்னாலும் அவளும் சேர்ந்து நிறுத்துவாள். தனக்கு நெஞ்சு முட்டும்போது, "விடுங்க சாரே" என்பாள்.